பதிவில் ‘டக்’ சத்தமா? விண்டோஸைத் தயார் செய்திடுங்கள்!

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது, என் பெரியம்மா பாடும் நடவுப் பாட்டுகளை லேப்டாப்பில் பதிவு செய்தேன். யு.எஸ்.பி. மைக் புதியது, அறையும் அமைதியாக இருந்தது. நாற்பது நிமிடம் பாடினார். வீடு திரும்பி ஹெட்போனில் கேட்டால் ஆங்காங்கே ‘டக்’, ‘டக்’ என்ற சத்தம். சில இடங்களில் பாதிச் சொல்லையே காணவில்லை. மறுமுறை போனபோது பெரியம்மாவுக்குப் பாடும் தெம்பு இல்லை.

மைக்கில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மை அதுவல்ல. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. பின்னணியில் ஆண்டி வைரஸ் ஸ்கேன் நடந்தது. குற்றவாளி கம்ப்யூட்டரின் அமைப்புதான். நீங்களும் இப்படி ஏமாறாமல் இருக்க, பதிவுக்கு முன் செய்ய வேண்டியவற்றை இங்கு பார்க்கலாம்.

குழாயும் குடமும்

ஆடியோ சி.டி. தரத்தில் பதிவு செய்கையில், உங்கள் குரல் ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. இந்த அளவுகள் குழாய்த் தண்ணீர் போல நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். இவற்றைப் பிடித்து வைக்கும் குடத்திற்கு பஃபர் என்று பெயர். குடம் நிறைந்ததும் பிராசசர் வந்து எடுத்துச் செல்ல வேண்டும். பஃபர் அளவு 512 என்றால் குடம் 11.6 மில்லி செகண்டில் நிறையும். அதாவது நொடிக்குச் சுமார் 86 முறை பிராசசர் வர வேண்டும். ஒருமுறை தாமதித்தாலும் தண்ணீர் வழிந்துவிடும். நாம் கேட்கும் ‘டக்’ அதுதான்.

பாட்டுக் கேட்கையில் இப்படி நடந்தால் கவலை இல்லை. பைல் டிஸ்க்கில் இருக்கிறது; மீண்டும் கேட்கலாம். பதிவில் வழிந்தது போனது போனதுதான். விண்டோஸ் பல வேலைகளைப் பகிர்ந்து செய்யும் சிஸ்டம். ஒலிக்காக மட்டும் காத்திருப்பதில்லை. எனவே பதிவு நேரத்தில் மற்ற வேலைகளை நாம்தான் குறைக்க வேண்டும். கீழே உள்ள வழிகள் விண்டோஸ் 11க்கானவை.

1. மின்சாரம்: லேப்டாப் என்றால் சார்ஜரை இணைத்திடுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசசர் வேகம் குறைந்து எழும்போதுதான் பல தாமதங்கள் வரும். ஸ்டார்ட் அழுத்தி, கண்ட்ரோல் பேனல் எனத் தேடித் திறந்திடவும். ஹார்ட்வேர் அண்ட் சவுண்ட், பவர் ஆப்ஷன்ஸ் சென்று ஹை பெர்பாமன்ஸ் தேர்ந்தெடுக்கவும். அது இல்லையெனில் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பிரிவில் பெஸ்ட் பெர்பாமன்ஸ் என அமைத்திடலாம். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் இருந்தால் டிசேபிள்டு என மாற்றிடுங்கள். யு.எஸ்.பி. மைக் நடுவில் தூங்கிவிடாமல் இருக்க இது உதவும்.

2. விண்டோஸின் சத்தங்கள்: அதே ஹார்ட்வேர் அண்ட் சவுண்ட் பிரிவில் சவுண்ட் என்பதைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் சவுண்ட்ஸ் டேப் சென்று, சவுண்ட் ஸ்கீம் என்பதில் நோ சவுண்ட்ஸ் தேர்ந்தெடுக்கவும். கம்யூனிகேஷன்ஸ் டேபில் டூ நத்திங் என்பதை டிக் செய்து ஓகே கொடுங்கள். இல்லையெனில் மெயில் வந்த ‘டிங்’ ஓசையும் ஸ்பீக்கர் வழியே மைக்கில் ஏறிவிடும்.

3. மைக் அமைப்பு: அதே பாக்ஸில் ரெக்கார்டிங் டேபில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு செல்லுங்கள். அங்குள்ள அளவும் நீங்கள் பயன்படுத்தும் ரெக்கார்டிங் புரோகிராமில் உள்ள அளவும் ஒன்றாக இருக்கட்டும். இங்கு 48,000 என்றால் அங்கும் 48,000. ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ் வசதி காட்டப்பட்டால் நீக்கிடுங்கள். பேச்சைத் தெளிவாக்கும் அந்த வசதி, பாட்டின் மெல்லிய இழுவையை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடலாம்.

4. நெட் இணைப்பு: பதிவு முடியும்வரை ஏரோபிளேன் மோட் இயக்கிடுங்கள். வைஃபை கார்டின் டிரைவர் பிராசசரைப் பிடித்து வைத்துக்கொள்வது உண்டு. முன்னதாக, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் சென்று ஒரு வாரத்திற்கு பாஸ் செய்திடுங்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டாம்; வயர் உள்ளதே நல்லது.

5. பின்னணி வேலைகள்: பிரவுசரை மூடிடுங்கள். ஆண்டி வைரஸை நீக்க வேண்டாம். ஸ்கேன் செய்யும் நேரத்தை மட்டும் வேறு வேளைக்கு மாற்றினால் போதும்.

6. பஃபர்: உங்கள் குரலைக் கம்ப்யூட்டர் வழியாகவே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடினால் சிறிய பஃபர் தேவை, இல்லாவிட்டால் குரல் தாமதமாகக் காதில் விழும். பாடுவதைப் பதிவு செய்வது மட்டும்தான் வேலை என்றால் பஃபரைப் பெரிதாக்குங்கள். பெரிய குடம் மெதுவாகத்தான் நிறையும்.

7. டிஸ்க் இடம்: சி.டி. தரத்தில் ஸ்டீரியோ பதிவு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 எம்.பி. எடுக்கும், ஒரு மணி நேரத்திற்கு 600 எம்.பி.க்கு மேல். 24 பிட் என்றால் இன்னும் கூடும். சில ஜிபி காலியாக உள்ளதா எனப் பார்த்திடுங்கள். பென் டிரைவில் நேரடியாகப் பதிய வேண்டாம்.

இதைச் செய்யாதீர்கள்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், பதிவுக்காகப் பல சர்வீஸ்களை நிறுத்தச் சொல்வார்கள். விர்ச்சுவல் மெமரியையும் நீக்கச் சொல்வார்கள். இன்று அவை தேவையில்லை. தெரியாமல் நிறுத்திய சர்வீஸ் ஒலியையே நிறுத்திவிடலாம். விர்ச்சுவல் மெமரி இல்லாமல் நினைவகம் தீர்ந்தால், பதிவின் நடுவில் புரோகிராம் மூடிக்கொள்ளும்.

ஒத்திகை பாருங்கள்

எல்லாம் முடிந்ததும், முதல் நாளே பத்து நிமிடம் நீங்களே பேசிப் பதிவு செய்து ஹெட்போனில் முழுவதும் கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி புரோகிராமின் 3ஆம் பதிப்புகளில், ரெக்கார்டிங் பிரிபரன்ஸில் டிடெக்ட் டிராப்அவுட்ஸ் என்ற வசதி உள்ளது. அதை இயக்கி வைத்தால், ஒலி விடுபட்ட இடங்களை அதுவே குறித்துக் காட்டும். இன்னும் ‘டக்’ கேட்டால் லேட்டன்சிமான் என்ற புரோகிராமைச் சில நிமிடங்கள் இயக்குங்கள். எந்த டிரைவர் தாமதப்படுத்துகிறது என்பதை அது பெயருடன் சொல்லும். அந்த டிரைவருக்குப் புதிய பதிப்பு உள்ளதா எனத் தேடலாம்.

பதிவு நடக்கும்போது பக்கத்தில் ஒரு மொபைல் போனிலும் பதிவு ஓடட்டும். தரம் குறைவாக இருந்தாலும் விடுபட்ட சொல் அதில் இருக்கும். நான் அன்று இதைச் செய்யவில்லை. முடிந்ததும் பைலை உடனே வேறொரு டிரைவிலும் காப்பி செய்திடுங்கள். பின்னர் ஏரோபிளேன் மோட், அப்டேட், பவர் அமைப்புகளை மறக்காமல் பழையபடி மாற்றிடுங்கள்.

உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த பாட்டி ஒருவர் இருக்கலாம். அவரைப் பாடச் சொல்லும் முன், கம்ப்யூட்டரைத் தயார் செய்திடுங்கள்.