சீக்கும் சந்தை வண்டியும்

வீட்டோடு பத்துப் பதினைந்து நாட்டுக்கோழியும் நாலைந்து ஆடும் வைத்திருப்பவர்களுக்கு மருந்துப் பெட்டியைவிட முக்கியம் வாசல் படல். யாரோ எதையோ உள்ளே கொண்டுவந்த பிறகுதான் சீக்கு வருகிறது. எங்கள் பக்கம் அது பெரும்பாலும் வியாழக்கிழமை வரும், அன்றுதான் அய்யலூர்ச் சந்தை. ஆடும் கோழியும் ஒரே இடத்தில் கைமாறி, ஒரே வண்டியில் ஏறி ஊர் ஊராகப் பிரிந்து போகும்.

கோழியில் பயப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சலுக்குத்தான். இறக்கை தொங்கிப்போய், தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஓரமாய் நின்று தூங்கி விழும். எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர் மாதிரி போகும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டும் கழுத்து திருகி, வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வரும். இது வைரஸ் நோய், வந்தபின் குணப்படுத்தும் மருந்து கிடையாது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் அரைத்து உருட்டிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. கொடுக்கட்டும், தவறில்லை. ஆனால் தடுப்பூசி போடாமல் இதை மட்டும் நம்பி இருப்பவர்களின் பஞ்சாரம் காலியாவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

குஞ்சு பொரித்து ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு. நாலாவது வாரம் லசோட்டா, அதுவும் சொட்டுதான். எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் தோலுக்கும் சதைக்கும் நடுவே அரை மில்லி ஆர்2பி ஊசி. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடைத்துறை நடத்தும் இரண்டு வார முகாமில் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள். ஆனால் அது காலையில் கோழியைத் திறந்து விடுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய காரியம். மரத்தில் அடையும் கோழியைப் பிடிக்க முடியாதவர்களுக்காகவே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் குருணை வடிவில் ஒரு தடுப்பு மருந்து உருவாக்கியிருக்கிறது, தீனி மாதிரி போட்டுவிடலாம். எந்த மருந்தானாலும் ஐஸ் வைத்த டப்பாவில்தான் வீடு வர வேண்டும். ஊசி மருந்தைக் கரைத்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். சட்டைப் பையில் வைத்து வெயிலில் கொண்டுவந்த மருந்தும் வெறும் தண்ணீரும் ஒன்றுதான். தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம் செய்துவிட்டால் மருந்து நன்றாகப் பிடிக்கும்.

அம்மை என்றால் கொண்டையிலும் கண் ஓரத்திலும் கொப்புளம் வரும், வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவி, கொசுவைக் குறைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தரையை, ஈரம் இருக்கும்வரை மருந்து மட்டும் போதாது. கோழியின் இரத்தக் கழிச்சல் ஆட்டுக்குட்டிக்குத் தொற்றும் என்று பலர் பயப்படுகிறார்கள். தொற்றாது, இரண்டுக்கும் கிருமி வேறு வேறு. ஆனால் கோழி ஆட்டுத் தொட்டி மேல் அடைந்து தீவனத்தில் எச்சமிட்டால் ஆடு அதைத் தின்னாது, அந்த நஷ்டம் தனி.

எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில்தான். ஒரு கோழி தூங்கி விழுந்ததும் “சாகறதுக்குள்ள வித்துருவோம்” என்று மிச்சத்தைச் சந்தைக்குக் கூடை கட்டுவார்கள். அந்தக் கூடையில் அடுத்த ஊருக்கே சீக்கு போகிறது. செத்ததை ஓடையில் எறிந்தால் நாயும் காகமும் கொண்டுபோகும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். கடைக்கறி கழுவிய தண்ணீரையும் கோழி மேயும் இடத்தில் ஊற்றக் கூடாது. எந்த அறிகுறியும் காட்டாமல் கொத்துக் கொத்தாகச் செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இனி ஆடு. சந்தையில் ஆட்டின் வயிற்றைப் பார்த்து மயங்காதீர்கள், உப்புத் தண்ணீர் காட்டினால் எந்த வயிறும் உருண்டுவிடும். வாலைத் தூக்கிப் பின்பக்கம் பாருங்கள், கழிச்சல் இருந்தால் மயிர் ஒட்டியிருக்கும். கீழிமையை விரலால் இழுத்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் வயிற்றில் புழு. மூக்கில் சளி, வாயில் புண், இருமல் மூன்றில் ஒன்று தெரிந்தாலும் விலை எவ்வளவு இறங்கினாலும் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது ஆட்டுக்கொல்லி நோயாக இருந்தால் வீட்டில் உள்ள ஆடும் போகும். வீட்டு ஆடுகளுக்கு அதற்கான தடுப்பூசியை நான்காம் மாதத்தில் போட்டுவிட்டால் மூன்று ஆண்டு தாங்கும்.

ஏற்றுவதில்தான் அதிகம் கெடுக்கிறோம். நாலு காலையும் சேர்த்துக் கட்டி, டிவிஎஸ் எக்ஸெல் மேல் குறுக்கே போட்டுக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கலாம். ஆடு அசைபோடும் பிராணி, நின்றாலோ நெஞ்சை ஊன்றிப் படுத்தாலோதான் ஏப்பம் வரும். ஒருக்களித்துக் கிடந்தால் வாயு வெளியேறாமல் வயிறு உப்பி, நுரையீரலை அழுத்தி, வழியிலேயே போய்விடும். ஆகவே குட்டி யானை வண்டிதான் எடுப்பேன். இரும்புத் தரையில் குளம்பு வழுக்கும் என்பதால் மணல் தூவி, அதன் மேல் வைக்கோலை இரண்டு அங்குலமாவது பரப்பச் சொல்வேன். “என்னண்ணே, ஆட்டுக்கு மெத்தையெல்லாம் விரிக்கிறீங்க?” என்று ஓட்டுநர் தம்பி சிரிப்பார். விழுந்து கால் ஒடிந்தால் கறிக்கடைக்காரர் கேட்கும் விலையைச் சொன்னால் அவரே கூட ஒரு கட்டு உதறிப் போடுவார்.

கொம்புக் கிடாயைத் தனியாகத் தடுத்து நிறுத்துங்கள். சினை முற்றிய ஆட்டை ஏற்றவே வேண்டாம். கழுத்தில் உருவு முடிச்சு போடாதீர்கள், பிரேக் அடித்தால் அதுவே தூக்குக் கயிறு. தார்ப்பாயை முன்பக்கம் காற்றுத் தடுப்பாக மட்டும் கட்டினால் போதும், சுற்றி மூடினால் உள்ளே புழுங்கும். அலைச்சலும் குளிர்காற்றும் சேர்ந்தால் மூக்கிலே சும்மா கிடந்த கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிடும். மூன்றாம் நாள் ஆடு காய்ச்சலில் படுப்பதற்கு அதுதான் காரணம், சந்தைக் கண்ணேறு இல்லை. வெயில் ஏறுமுன் வீடு சேர்ந்துவிடுங்கள்.

இறக்கியதும் தானியம் வைக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பிறகு காய்ந்த கடலைக்கொடி. தலையை அண்ணாந்து பிடித்து எதையும் வாயில் ஊற்றக் கூடாது, நேராக மூச்சுக்குழாயில் போகும். புது ஆடு மூன்று நான்கு வாரம் தொழுவத்துக்கு எட்டக் கட்டியிருக்கட்டும். பழைய ஆடுகளைக் கவனித்த பிறகே அதற்குத் தீனி, அதற்குத் தனி வாளி.

வண்டியை வீட்டுப் படலுக்குள் விடுவதில்லை. ரோட்டோரமே இறக்கி, வைக்கோலை அங்கேயே கொளுத்திவிடுவோம். முந்தின நடையில் அந்த வண்டியில் கோழிக்கூடை போயிருக்கும். நான் செருப்பைக் கழற்றிப் போட்டு, கைகால் கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் கோழிக்குத் தீனி போடப் போவேன்.