முக்காலி ஊன்றப் போகும் பிள்ளைகளுக்கு

பல்லேகமப் பக்கம் நில அளவை பழக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, இங்கே வேலை செய்வதில் ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. பழைய பல்லேகம நகரம் களுகங்கை நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட்டது. 2018இல் அதில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். வேலியையும் மரத்தையும் காட்டி எல்லை சொல்ல வழியில்லாத குடும்பத்துக்குப் பிளானில் நீங்கள் எழுதும் எண்தான் காணி.

1. சரிவில் பிடித்த தூரத்தை அப்படியே பிளானில் ஏற்றாதீர்கள். நக்கிள்ஸ் அடிவாரத்தில் பத்துப் பாகை ஏற்றம் சாதாரணம். அதில் 100 மீற்றர் நாடா பிடித்தால் கிடைத்தூரம் 98.48 மீற்றர்தான். ஒன்றரை மீற்றர் பிசகினால் பக்கத்து வளவுக்காரரோடு வழக்குத்தான்.

2. கோணத்தில் 20 விகலை பிழைத்தால் 100 மீற்றருக்கு அப்பால் ஒரு சென்ரிமீற்றர் விலகும். கருவியின் இரண்டு முகத்திலும் வாசியுங்கள்.

3. கணிப்பானைத் தொடுமுன் கையால் ஒரு படம் கீறுங்கள். திசைக்கோணம் 60 பாகை, தூரம் 120 மீற்றர் என்றால் வடக்கே 60, கிழக்கே 103.92 நகர்ந்திருக்கிறீர்கள். அதே தூரம் 240 பாகையில் என்றால் இரண்டும் கழித்தல். குறி மாறினால் நிலையம் ஆற்றுக்கு அக்கரையில் போய் நிற்கும். படம் இருந்தால் அது உடனே கண்ணில் படும்.

4. சுற்று மூடிவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் அழுத்திச் சொல்வேன். பிரிசத்தின் மாறிலியை 30 மில்லிமீற்றர் தவறாகக் கொடுத்துவிட்டு நீள்சதுர வளவு ஒன்றைச் சுற்றி வாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் பிழையை ஒன்றுக்கொன்று அடித்துவிடும். மூடல் அழகாக வரும், நீளம் மட்டும் நாலு பக்கமும் பொய். அதே பிழையோடு ஒரே திசையில் பத்து நிலையம் போனால் 30 சென்ரிமீற்றர். ஆகவே தெரிந்த ஒரு நிலையத்தில் தொடங்கி, தெரிந்த வேறொரு நிலையத்தில் முடியுங்கள். அங்கே வரும் வித்தியாசம் ஏற்கக்கூடிய அளவில் இருந்தால் மட்டும் பக்க நீளத்துக்கு ஏற்பப் பகிருங்கள். பெரிதாக இருந்தால் பகிர்வது பிழையை மறைப்பது. திரும்பப் போய் அளவிடுங்கள்.

5. நம் நாட்டு ஆள்கூறுகளுக்கு மையம் பிதுருதலாகல. பழைய கண்டவல முறையில் அந்த மையத்துக்கு இரண்டு திசையிலும் 2,00,000 மீற்றர். 1999ஆம் ஆண்டு முறையில் 5,00,000. பழைய பிளானோடு மூன்று லட்சத்தைக் கூட்டினால் சரிவரும் என்று எண்ணாதீர்கள், முறையான உருமாற்றம் செய்யுங்கள். இன்னொன்று: மைய நெடுங்கோட்டருகே நிலத்தின் ஒரு கிலோமீற்றர் வரைபடத்தில் ஏறத்தாழ 7.6 சென்ரிமீற்றர் குறையும். பல்லேகம அந்தக் கோட்டுக்குக் கிட்ட. உயரத்துக்கான திருத்தம் வேறு.

6. களப்புத்தகத்தில் அழிறப்பர் வேண்டாம். பிழையான எண்ணை ஒரு கோட்டால் வெட்டி மேலே சரியானதை எழுதுங்கள்.

7. நிலையம் நாட்டிய கையோடு, அசையாத மூன்று பொருள்களுக்கு அதிலிருந்து தூரம் எடுத்துக் குறியுங்கள்: பாலத்தின் மூலை, பெரும்பாறையில் கொத்திய புள்ளடி, மதகுச் சுவர். மரத்தை எடுக்காதீர்கள். குளக்கரையில் நாட்டுவதானால் நீர் நிரம்பும் மட்டத்துக்கு நன்றாக மேலே ஏறி நாட்டுங்கள்.