கெராச்சுட்டில் குடும்பத்தோடு கூடாரம் போட

பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் ஒரு குடும்பம் எவ்வளவு குப்பையை விட்டுவரும் என்பது, முந்தின நாள் சாயங்காலமே ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ ஓர் அடுப்படியில் முடிவாகிவிடுகிறது. வருகிறவர்கள் எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். “குப்பை போடக் கூடாது” என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கூட்டிவருகிறார்கள். ஆனால் நாசி லெமாக் பொட்டலம், சிவப்புப் பிளாஸ்டிக் பையில் குழம்பு, அட்டைப் பெட்டியில் கோழி, மினரல் வாட்டர் பாட்டில் என்று தூக்கிக்கொண்டு வந்தால், ராத்திரிக்குள் நாலு மூட்டை ஈரக் குப்பை சேர்ந்துவிடும். விடிந்ததும் குரங்குகள் மூட்டையைக் கிழிக்கும். கிளம்புகிற அவசரத்தில் பாதியைப் பொறுக்குவார்கள், மீதி அங்கேயே கிடக்கும். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஆகவே சமையல் விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். கூடாரம் அடிப்பது யாருக்கும் வந்துவிடும்.

கிளம்புவதற்கு முன்

கெராச்சுட் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்கா 2003-இல் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அது பந்தாய் ஆச்சே காப்புக் காடு. நுழைவாயில் தெலுக் பஹாங்கில் இருக்கிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகமும் அங்கேதான். ராத்தங்க முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மழைக்குப் பிறகு மண் சரிந்து சில பாதைகளை மூடிவைப்பது உண்டு. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஜெட்டியிலிருந்தோ கொம்தாரிலிருந்தோ 101-ஆம் எண் ரேப்பிட் பினாங்கு பஸ் தெலுக் பஹாங் வரை போகிறது. இரண்டு காரை எடுத்துக்கொண்டு போய் வெயிலில் நிறுத்திவைக்கத் தேவையில்லை. பஸ்ஸில் போனால் இன்னொரு நன்மையும் உண்டு: கையில் தூக்க முடிந்ததை மட்டும்தான் எடுத்துப் போவீர்கள்.

வாசலிலிருந்து கெராச்சுட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நடுவே நல்ல ஏற்றம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியும் கைக்குழந்தையும் இருந்தால் அவர்களும் சுமையும் படகில் போகட்டும், மற்றவர்கள் நடக்கட்டும். எல்லாருமே படகில் போய் இறங்கினால் காட்டைப் பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள். அது சரியில்லை.

மாதம் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிள்ளைகளோடு போகாதீர்கள். ஏப்ரல் முதல், விடியற்காலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து திடீரென்று சூறைக்காற்று வரும். அந்த மாதங்களில் கூடாரக் கயிறுகளைப் படுக்கும்முன் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

அடுப்படி

2009-இல் திங்கள்கிழமைகளில் இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது என்று தொடங்கிய மாநிலம் இது. 2011 முதல் எல்லா நாளும் அப்படித்தான். 2016 ஜூனிலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரித்துப் போடுகிறோம். கடைக்குப் போகும்போது துணிப்பையை மறக்காத அதே குடும்பம், காட்டுக்குப் போகும்போது மட்டும் எல்லாவற்றையும் தப்பாவ் கட்டிக்கொண்டு போகிறது. வெளியே போனால் சமையலுக்கு ஓய்வு என்று நினைப்பதுதான் காரணம். ஓய்வு எடுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கான வேலையை வீட்டில் செய்து முடித்துவிட்டு ஓய்வெடுங்கள்.

முதல் விதி, பச்சை இறைச்சி வேண்டாம். ஐஸ் கட்டி மத்தியானத்துக்குள் உருகிவிடும். இறைச்சித் தண்ணீர் பையில் வழியும். அந்த வாடைக்கு உடும்பு வரும். உடும்பு வருவது வேடிக்கையான விஷயம் இல்லை. ஆமை முட்டையைத் தோண்டித் தின்னும் பிராணி அது. சாப்பாட்டுக்காக அதை அந்தக் கரைக்குப் பழக்கிவிட்டால் நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அது அங்கேயே சுற்றும்.

முதல் நாள் மத்தியானத்துக்குப் புளிச்சோறு. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறி, நன்றாக ஆறவிட்டு, எவர்சில்வர் தூக்கில் அடையுங்கள். சூடாக மூடினால் வியர்த்துக் கெட்டுப்போகும். தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பல், எண்ணெய் பிரிந்து வறட்டலாக வரும்வரை வதக்கியது. தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப் பால் சேர்த்த எதுவும் இந்த வெக்கைக்குத் தாங்காது. அதனால் நாசி லெமாக்கும் வேண்டாம். ஆசையாக இருந்தால் திரும்பி வந்து தெலுக் பஹாங்கில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ராத்திரிக்கு ஒரே சட்டிச் சாப்பாடு. அரிசி, வறுத்த பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், உப்பு, காய்ந்த கறிவேப்பிலை, துளி மஞ்சள் எல்லாவற்றையும் வீட்டிலேயே அளந்து ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். அங்கே போய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டினால் பொங்கல். வெங்காயத் தோல், பூண்டுத் தோல், பச்சைமிளகாய்க் காம்பு என்று ஒன்றும் மிஞ்சாது. உரிக்க வேண்டியதை வீட்டில் உரிப்பது, நறுக்க வேண்டியதை வீட்டில் நறுக்குவது, இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிக் குப்பை குறைந்துவிடும். காலையில் அவல். மெகி பாக்கெட் எடுத்துப்போகாதீர்கள். அந்த மசாலாப் பொடியின் சின்னச் சின்ன உறைகள்தான் மணலில் அதிகம் புதைந்து கிடக்கின்றன. கிழித்த மூலை எங்கே போனதென்று கிழித்தவருக்கே தெரியாது.

தண்ணீரைப் பெரிய கேனில் வீட்டிலிருந்தே நிரப்புங்கள். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கணக்கு.

இனிமேல்தான் எல்லாரும் சறுக்குகிற இடம். “வாழைப்பழத் தோல்தானே, மக்கிப் போய்விடும்.” இதைப் படித்தவர்களும் சொல்கிறார்கள், பெரியவர்களும் சொல்கிறார்கள். மக்கும், நிஜம்தான். மக்குவதற்குள் அதை எலி பார்த்துவிடும், குரங்கு பார்த்துவிடும். எலி வந்த இடத்தில் அதன் சிறுநீர் தண்ணீரிலும் ஈர மண்ணிலும் கலக்கும். ‘கெஞ்சிங் திக்குஸ்’ என்று நாம் பயப்படுகிற எலிக்காய்ச்சல் பரவுவது இப்படித்தான். அடுத்த வாரம் அதே ஓடையில் இன்னொரு வீட்டுப் பிள்ளை காலில் சிராய்ப்போடு இறங்கும். குரங்கு கதை எல்லாருக்கும் தெரியும். நீள வால் குரங்கு ஒருமுறை சோறு ருசித்துவிட்டால் பழத்தைத் தேடிப் போகாது, பையைத் தேடி வரும். பிளாஸ்டிக் பை சரசரவென்று சத்தம் போட்டதுமே மரத்திலிருந்து தலையைத் திருப்பிப் பார்ப்பதை நீங்களே கவனிக்கலாம். பிள்ளை கையில் பை இருந்தால் பிள்ளையின் கையைத்தான் பிடித்து இழுக்கும். அதனால் தோல், எலும்பு, சோற்றுப் பருக்கை, டீத்தூள் எல்லாமே திரும்பி வீட்டுக்கு வர வேண்டும். விதிவிலக்கே கிடையாது.

நாறாமல் எப்படிக் கொண்டுவருவது? இறுக்கமான மூடியுள்ள பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவிக் காயவையுங்கள். அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள் போடுங்கள். செடிக் கடையில் கட்டியாகக் கிடைக்கும், உதிர்த்துக் காய்ந்த நிலையில் போட வேண்டும். மீந்த சோறு விழும்போதெல்லாம் மேலே ஒரு பிடி நார்த்தூள். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், வாடை வெளியே வராது, ஈ மொய்க்காது. மூடியை அழுத்தி மூடி, ராத்திரி கூடாரத்துக்குள்ளே தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கு வாடை இருக்காது. இந்த ஒரு வாளியைக் கொண்டுபோனவர்கள் பிறகு பிளாஸ்டிக் குப்பைப் பையைத் தொட்டதில்லை.

சட்டி கழுவுவதற்கு ஒரு சுலப வழி உண்டு. பொங்கல் காலியானதும் அதே சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ரசப்பொடியும் உப்பும் கொஞ்சம் புளியும் போடுங்கள். அடியில் ஒட்டியிருந்த பருப்பெல்லாம் கரண்டியால் சுரண்டச் சுரண்ட ரசத்தில் சேர்ந்துவிடும். ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டால் சட்டி முக்கால்வாசி சுத்தம். மிச்சத்தைத் துணியால் துடைத்து, ஒரு கோப்பை வெந்நீரில் அலசி, அந்தத் தண்ணீரை டீ வடிகட்டியில் வடித்து, சக்கையை வாளியில் போடுங்கள். தண்ணீரை ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, மண்ணில் வீசித் தெளிக்க வேண்டும். பாத்திர சோப்பு தேவையே இல்லை. ஓடைக்குள் சட்டியை இறக்கித் தேய்ப்பதை யார் செய்தாலும் நிறுத்துங்கள், பெரியம்மாவாக இருந்தாலும் சரி. கெராச்சுட்டில் இருப்பது சாதாரண ஏரி இல்லை. அடியில் கடலின் உப்புநீர், மேலே ஓடைகளின் நன்னீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும் மெரோமிக்டிக் ஏரி. மழைக்காலத்தில் நிறையும், வெயில் காலத்தில் வற்றும். அதில் சோப்பு நுரை மிதப்பதைப் பார்க்க மனசு கேட்காது.

கூடாரமும் அடுப்பும்

ஏற்கெனவே ஆள் படுத்துப் பழகிய, தளம் என்று ஒதுக்கிய இடத்தில் மட்டும் அடியுங்கள். மணல் மேட்டில் அடிக்காதீர்கள், ஆமை ஏறி வரும் இடம் அது. மழைக்குப் பயந்து கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது நம் ஆட்களிடம் ஊறிய பழக்கம். ஒவ்வொரு வெட்டும் அடுத்த மழையில் மண்ணை அரித்துக்கொண்டு போகும். கொஞ்சம் மேடான இடமாகத் தேர்ந்தெடுத்து, கீழே விரிக்கும் தார்ப்பாயைக் கூடாரத்துக்கு வெளியே நீட்டாமல் உள்ளே மடக்கிவிட்டால் போதும். கயிறு கட்டும் மரத்தில் துணியைச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள், ஆணி கூடாது.

தீ மூட்ட வேண்டாம். கேஸ் அடுப்பு ஒன்று போதும். பிள்ளைகள் கேட்பார்கள், தெரியும். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பாட்டியைக் கதை சொல்லச் சொல்லுங்கள். இருட்டில் கேட்கிற கதைக்கு நெருப்பு தேவையில்லை.

கடலில் இறங்க விடாதீர்கள். கெராச்சுட்டில் நீரோட்டமும் உண்டு, சொறிமீனும் உண்டு.

கழிப்பறை

இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, அதனால்தான் தப்பு நடக்கிறது. கழிப்பறை இருக்கிற தளத்தில் அதையே பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில் ஓடை, ஏரி, கூடாரம் மூன்றுக்கும் 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு அதே மண்ணால் மூடுங்கள். சின்ன மண்வெட்டி ஒன்று எடுத்துப்போனால் போதும். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். பாட்டில் மூடியில் ஊசியால் நாலு துளை போட்டால் பீய்ச்சிக் கழுவலாம், காகிதமே வேண்டாம். ஈரத் துடைப்பான் வேண்டவே வேண்டாம். காகிதம் மாதிரித் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, புதைத்தாலும் மக்காது. குழந்தைக்குத் துணி நேப்பி கட்டுங்கள். ஒருமுறை போடும் நேப்பியும் சேனிடரி பேடும் என்றால் அவற்றுக்கென்று தனியாக மூடி போட்ட டப்பா, அதுவும் திரும்பி வீட்டுக்கு.

ராத்திரி

பச்சை ஆமை பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையும், ஒலிவ் ரிட்லி செப்டம்பர் முதல் பிப்ரவரி வரையும் கரையேறுகின்றன. ஆகவே நீங்கள் எந்த மாதம் போனாலும் அன்று ராத்திரி ஓர் ஆமை வரலாம் என்று எண்ணித்தான் நடந்துகொள்ள வேண்டும். தாய் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல் என்று நம்பி அந்தப் பக்கம் ஓடும். உங்கள் லாந்தர் கூடாரப் பக்கம் எரிந்தால் காட்டுப் பக்கம்தான் ஓடும்.

டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் வளையம் போடுங்கள். பிள்ளைகளையே செய்யச் சொன்னால் ஆர்வமாகச் செய்வார்கள். கடற்கரைப் பக்கம் இந்த விளக்கு மட்டும்தான், அதையும் தரையை நோக்கிப் பிடிக்க வேண்டும். கைப்பேசியில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். ஆமையைப் பார்த்துவிட்டால் நின்ற இடத்திலேயே உட்காருங்கள், முன்பக்கம் போகாதீர்கள், தொடாதீர்கள். கெராச்சுட்டில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது, அங்குள்ளவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். முட்டைகளை எடுத்து வேலி போட்ட மணலில் பத்திரமாகப் புதைப்பது அவர்கள் வேலை. பகலில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவாகிறது, சூடு கூடினால் பெண் அதிகம். இதைக் கேட்ட பிள்ளை அந்த மணலில் குப்பை போடாது.

கிளம்பும்போது

கூடாரத்தை மடித்த பிறகு எல்லாரும் ஒரு வரிசையாகக் கைநீட்டும் தூரத்தில் நின்று, தளத்தை ஒரு தடவை நடந்து பாருங்கள். பெரியவர் கண்ணுக்குத் தெரியாத மிட்டாய் உறையும் ரப்பர் வளையமும் சின்னவர்கள் கண்ணில் படும். மற்றவர்கள் விட்டுப்போனது கிடைத்தாலும் தூக்கமுடிகிற வரை எடுத்துக்கொள்ளுங்கள். படகில் வருகிறவர்கள் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், படகுக்கார அபாங் ஒன்றும் சொல்லமாட்டார்.

வீட்டில் நார்த்தூளோடு வாளியை அப்படியே செடித் தொட்டியிலோ உரத் தொட்டியிலோ கொட்டி, மேலே மண் போட்டு மூடுங்கள். அடுக்குமாடியில் இருந்தால், தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாரிடமாவது கொடுக்கலாம், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். கூடாரத்தை அன்றைக்கே விரித்து நிழலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து, அடுத்த முறை புதிது வாங்க வேண்டியிருக்கும்.