ரெய்கியைத் தொழிலாகச் செய்யலாமா?

கேள்வி: ரெய்கி இரண்டாம் நிலை முடித்திருக்கிறேன். மன அமைதி தேடி அக்கம்பக்கத்தினர் வருகிறார்கள். இதையே தொழிலாக்க ஆசை. நான் எதில் வளர வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்கு நீங்களே தினமும் ரெய்கி செய்துகொள்கிறீர்களா? கைகளை வைத்துச் செய்யும் இந்த முறையை ஜப்பானில் 1922-ல் தொடங்கிய மிக்காவோ உசுயி, கை வைப்பதை மட்டும் கற்றுத்தரவில்லை. கோபமும் கவலையும் இல்லாமல், நன்றியோடும் கருணையோடும் இன்றைய பொழுதை வாழப் பழகச் சொன்னார். பிறர் துயரத்தைக் கேட்கும் வேலைக்கு அந்தப் பழக்கம்தான் முதல் தகுதி. அடுத்த நிலைச் சான்றிதழ் மெதுவாக வரட்டும்.

தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். வருபவர்கள் சொன்னது எதுவும் உங்கள் வீட்டாருக்குக்கூடத் தெரியக் கூடாது. கட்டணத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், அம்மா: நோயைக் குணமாக்குவதாக ஒருபோதும் சொல்லாதீர்கள். ரெய்கி நோய் தீர்க்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. அற்புத சக்தியால் சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மருத்துவத்தை விட்டு நம்பிக்கையை மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி: 2001 ஆகஸ்ட் 6-ல் அங்குள்ள தர்காவை ஒட்டிய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கையோடு கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். பின்னாளில் அதே தர்காவில் பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் சேர்ந்தது. நீங்களும் அந்த வழியில் போங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். தூக்கமே இல்லை, சாக வேண்டும்போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அன்றைக்கே குடும்பத்தாரோடு மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, கட்டணம் கிடையாது.