மார்கழி அரிப்பு: பூசுவதைக் குறைக்க வேண்டிய நேரம்

வாடைக் காற்று வீசத் தொடங்கியதும் வீட்டுக்கு ஒருவராவது கையைக் காலைச் சொறிகிறோம். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று ஆவி பறக்கும் வெந்நீரில் சோப்பு நுரைக்கக் குளிப்பதில் தோலின் எண்ணெய்ப்பசை போய்விடுகிறது. வறண்டு வெடித்த தோலுக்குள் க்ரீமில் இருக்கும் வாசனைப் பொருளும், அது கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனமும் சுலபமாக இறங்கும். அரிப்புக்கென்று வாங்கிய க்ரீமே அரிப்பைக் கூட்டுவது இப்படித்தான்.

இரண்டு வாரமாகியும் தடிப்பு அடங்கவில்லையா? இன்னொரு டியூப் வாங்காதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

• வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்துவிடுங்கள். அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர மற்ற இடங்களுக்குச் சோப்பு வேண்டாம்.
• துவட்டிய ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவுங்கள்.
• சென்ட், ஃபேஸ் வாஷ், சீரம், ஈரத் துடைப்பான் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வேப்பிலை, மஞ்சள், டீ ட்ரீ எண்ணெய் என்று இயற்கைப் பெயர் தாங்கியவையும் இதில் அடக்கம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தடிப்பு எங்கே இருக்கிறது?

நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் மட்டும் வட்டமாகத் தடித்திருந்தால் ஸ்டிக்கரின் பசையையோ குங்குமத்தின் சாயத்தையோ சந்தேகியுங்கள். காது மடல் என்றால் கவரிங் நகையில் உள்ள நிக்கல். காதுக்குப் பின்னாலும் முடியோரத்திலும் என்றால் தலைச்சாயம். இமைத் தடிப்புக்கு விரலில் பூசிய நகப்பாலிஷ்கூடக் காரணமாகலாம்.

இப்படித் தோலில் பட்டு வரும் ஒவ்வாமை பெரும்பாலும் உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து எழும்பும். ‘பத்து வருஷமாகப் போடுகிறேன், ஒன்றும் செய்ததில்லை’ என்பதும் உத்தரவாதமல்ல.

லேபிளைப் படியுங்கள்

‘அன்சென்டட்’ என்றால் வாடை தெரியாது, அவ்வளவுதான். வாடையை அமுக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று போட்டதைத் தேடுங்கள். கெடாமலிருக்கச் சேர்க்கும் ‘மெத்தில்ஐசோதயசோலினோன்’ இருந்தால் தவிர்த்துவிடுங்கள். தடவியபின் கழுவாமல் விடும் க்ரீம்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை விதித்திருக்கிறது.

தோல் முழுக்க ஆறிய பிறகு ஒவ்வொரு க்ரீமாகத் திரும்ப ஆரம்பியுங்கள். முழங்கை மடிப்புக்குக் கீழே நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் 7 முதல் 10 நாள் தடவிப் பாருங்கள். சோப்பு, ஷாம்பு, தலைச்சாயத்துக்கு இந்தச் சோதனை ஆகாது.

மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது?

முகம் வீங்கி மூச்சு முட்டினால் அவசரச் சிகிச்சைக்கே ஓடுங்கள். நீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள். இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். வளையம் வளையமாகப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். அதன்மேல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு க்ரீமைத் தடவினால் முதலில் அடங்கியதுபோலிருந்து பின் பரவும்.

காரணம் பிடிபடாவிட்டால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். முதுகில் ஒட்டிய பட்டைகளை 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. ஆகவே பொங்கல் வாரத்தை விட்டுத் தேதி வாங்குங்கள். பொங்கலுக்கு எடுத்த புதுத்துணியையும் ஒருமுறை அலசிக் காயவைத்தே உடுத்துங்கள். கசங்காமலிருக்கப் போடும் ரசாயனமும் சிலருக்கு அரிக்கும்.