ஊருக்கு ஊர் சாப்பாட்டுக்கு ஒரு நேரம் உண்டு

பேக்கேஜ் டூரில் மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்துப் பணம் கட்டாதீர்கள். இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வங்கியில் உள் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். மதுரைக்குத் தெற்கே கிளை கிளையாகப் போய், லாட்ஜில் தங்கி, காலை முதல் இரவு வரை வெளியில்தான் சாப்பிட்டிருக்கிறேன். மற்றவர்கள் அதைத் தண்டனையாக நினைத்தார்கள். எனக்கு அதுதான் அந்த வேலையின் பெரிய சம்பளம். எந்த ஊரில், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு எது நன்றாக இருக்கும் என்பதை நாக்கால் கற்றுக்கொண்டேன். "பரோட்டாக் கடையில தனியா உக்காந்து சாப்பிடுறாளாமே" என்று உறவில் பேசியவர்கள் உண்டு. குற்றாலத்துக்குப் போகும்போது அவர்களே எனக்குப் போன் போட்டு, "அந்தக் கடை எங்க இருக்கு?" என்று கேட்டதும் உண்டு.

அப்படிப்பட்ட என்னை வீட்டில் வைத்துக்கொண்டுதான், என் நாத்தனாரின் கணவர் ஒரு டூர்காரரிடம் பணம் கட்டினார். நான் ஓய்வு பெற்ற பிறகு குடும்பமாகப் போன முதல் பயணம் அது. திருநெல்வேலி, தென்காசி, குற்றாலம், மதுரை. "சாப்பாட்டுக்காக ஏன் அலையணும்? எல்லாத்தையும் சேர்த்தே கட்டிட்டேன், நிம்மதியா வாங்க" என்றார். "வேண்டாம் அண்ணா, அந்த ஊர்களில் சாப்பாடுதான் விசேஷம்" என்றேன். கேட்கவில்லை.

என் மாமியாருக்கு, நான் அம்மா என்று கூப்பிடுகிறவருக்கு, பிறந்த ஊர் திருநெல்வேலி டவுன். எண்பதைத் தாண்டியவர், முழங்கால் வலி. அந்தப் பயணத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடையில் சூடாக அல்வா வாங்கி, அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய அப்பா வாங்கித் தந்ததாம்.

அந்தக் கடை சாயங்காலம்தான் திறக்கும். அல்வா தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். சம்பா கோதுமையை ஊற வைத்து, அரைத்து, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து விடாமல் கிண்டி எடுக்கிற பண்டம் அது. கூட்டம் வந்துவிட்டதே என்று அவசரமாக இன்னொரு வாணலி கிளற முடியாது. இதையெல்லாம் வண்டி மேலாளரிடம் காலையிலேயே சொன்னேன். "பார்த்துக்கலாம் மேடம்" என்றார். மதியச் சாப்பாட்டை இரண்டரை மணிக்குப் போட்டார்கள். அதனால் கோயில் தள்ளிப் போனது. தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது கடை வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தது. நின்றிருந்தால் நிச்சயம் கிடைத்திருக்கும். மேலாளரோ, "ஏழரைக்கு பஃபே வச்சிடுவாங்க, ஏற்கெனவே பணம் கட்டியாச்சு" என்று எல்லோரையும் வண்டியில் ஏற்றிவிட்டார். ஜங்ஷன் பக்கத்து ஹோட்டலில் என்ன இருந்தது தெரியுமா? வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், ஆறிப்போன நான் ரொட்டி. திருநெல்வேலியில் உட்கார்ந்து நான் ரொட்டி சாப்பிடுவதற்காகவா அம்மா அத்தனை தூரம் வந்தார்? சாப்பிட்டு முடித்து ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போனேன். கடை அடைத்திருந்தது.

மறுநாள் யாரோ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டப்பா வாங்கி வந்து கொடுத்தார்கள். அம்மா ஒரு விள்ளல் எடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் எப்போது அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு அவரால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியவில்லை. இனியும் முடியாது.

தென்காசியிலும் இதே கதைதான். செங்கோட்டைக்கு முன்னால் வரும் பிரானூரை எல்லோரும் 'பார்டர்' என்றுதான் சொல்வார்கள். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. எல்லை நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. சாயங்காலம் அங்கே பரோட்டாக் கல் காய ஆரம்பித்தால் வாசனை ரோட்டைத் தாண்டி வரும். உள்ளங்கை அளவு பரோட்டாவைச் சுடச்சுட அடித்துப் போட்டு, சால்னாவும் கோழியும் வைப்பார்கள். எங்கள் வண்டி அந்த வாசனையைக் கடந்து போனது. "டின்னர் ரெடியா இருக்கு" என்றார்கள். மறுபடியும் கோபி மஞ்சூரியன்.

இதில் நான் கண்டது இதுதான். சாப்பாடு சேர்த்த கட்டணம் என்பது, உங்கள் நேரத்தை ஹோட்டல் சமையற்கட்டுக்கு எழுதிக் கொடுப்பது. நம் தெற்கத்தி ஊர்களிலோ ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தைத் தவறவிட்டால் அந்த ஊருக்கே போகாத மாதிரிதான்.

பதநீரை எடுத்துக்கொள்ளுங்கள். உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் போனால் காலையில் குடித்துவிட வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் இருக்கிறது. அப்படியும் வெயில் ஏறினால் ருசி மாறிவிடும். மிச்சத்தைக் காய்ச்சித்தான் கருப்பட்டி ஆக்குகிறார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஃபே காலைச் சாப்பாட்டுக்காக ஒன்பது மணி வரை அறையில் காத்திருப்பவருக்குப் பதநீர் கிடையாது. விருதுநகர் எண்ணெய் பரோட்டா மாலைக்கு மேல்தான். மொறுமொறுவென்று பொரித்து எடுத்ததை உடனே பிய்த்து சால்னாவில் ஊற வைக்க வேண்டும், பார்சல் வாங்கினால் பாழ். மதுரையில் ராத்திரி பத்து மணிக்கும் ஆவி பறக்க இட்லி கிடைக்கும். அங்கே ஏழு மணிக்கே சாப்பிட்டுப் படுத்துவிடுவது பெரிய நஷ்டம்.

எப்போதும் சாப்பிடக்கூடியவையும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய், தூத்துக்குடி மக்ரூன் மூன்றையும் எந்த நேரத்திலும் வாங்கலாம், கட்டிக்கொண்டும் வரலாம். இவற்றுக்காக அட்டவணையை வளைக்க வேண்டாம்.

சொதி வேறு ரகம். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்த்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவது. நெல்லைப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் அதுதான் ராணி. ஹோட்டலில் அபூர்வமாகக் கிடைத்தாலும் வீட்டுச் சொதியின் கிட்டே வராது. தணிக்கை முடிந்து, அறிக்கையும் கொடுத்த பிறகுதான் எந்த ஊழியர் வீட்டுக்கும் சாப்பிடப் போவேன். அப்படிப் போன வீட்டில்தான் நல்ல சொதி சாப்பிட்டேன். உங்களுக்கும் அந்தப் பக்கம் ஒரு சிநேகிதியோ தூரத்து உறவோ இருப்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடையைக் கண்டுபிடிக்கும் விதம் சுலபம். லாட்ஜ் வரவேற்பில் கேட்காதீர்கள், கீழ்த்தளத்தில் இருக்கும் ஹோட்டலைக் காட்டுவார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டாலும் வீண், வெளியூர்க்காரி என்று தெரிந்ததும் ஏசி போட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். "அண்ணே, நீங்க ராத்திரி எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதில் என்னைக் கைவிட்டதில்லை.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பரோட்டாக் கடையில் நம்மைப் பார்த்ததும் "ஃபேமிலி ரூம் மாடியில இருக்கு" என்பார்கள். கல் தெரிகிற மேஜை காலியாக இருந்தால் அங்கேயே உட்காருங்கள். மாடிக்கு வருவதற்குள் எல்லாம் ஆறிவிடும், சில இடங்களில் விலையும் கூடுதல். எட்டு மணிக்கு முன் போனால் கூட்டமும் இருக்காது. யாரும் நம்மை ஒன்றும் சொல்வதில்லை, பரிமாறுகிறவர் இன்னொரு கரண்டி சால்னாதான் ஊற்றுவார். பேசுகிறவர்கள் எல்லாம் நம் வீட்டுப் பக்கம்தான்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவையே. தண்ணீர் பாட்டில், சில்லறை, ஓஆர்எஸ் பாக்கெட். எந்தப் பண்டத்தையும் ஆளுக்கு ஒன்று என்று வாங்காமல் இரண்டு பேருக்கு ஒன்று.

அடுத்த வருஷம் நானே ஏற்பாடு செய்தேன். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் ஜங்ஷனில் இறங்கி, சாப்பாடு சேர்க்காத லாட்ஜில் அறை எடுத்தோம். மதியம் கொஞ்சமாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, கடை திறக்கும் முன்பே வரிசையில் நின்றோம். சூடான அல்வா கையில் வந்ததும் நாத்தனாரின் கணவர் இரண்டாவது முறையும் வாங்கினார். பிறகு பார்டர் பரோட்டா, விருதுநகர், மதுரை. செலவு டூர்காரருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. "நீ சொன்னது சரிதான்" என்று அண்ணா சொல்லவில்லை. ஆனால் இப்போது சிநேகிதர்களுக்கு அவரே அட்டவணை போட்டுக் கொடுக்கிறார், என் நேரக் கணக்குப்படி.

அம்மாவுக்கு அல்வா கொண்டு வந்தோம். நெய்ப் பண்டம், கெடாமல் இருந்தது. ஆனால் அவர் கேட்டது அந்தக் கடை வாசலில் சூடாக. அதை எந்த டப்பாவிலும் கட்டிக்கொண்டு வர முடியாது. ஆகவே உங்கள் வீட்டில் வயதானவர் யாராவது ஒரு ஊரின் ஒரு பண்டத்தைச் சொல்லி ஆசைப்பட்டால், அதை அட்டவணையில் கடைசியில் போடாதீர்கள், "பார்த்துக்கலாம்" என்று சொல்கிறவரிடமும் விடாதீர்கள். இறங்கிய முதல் நாளே, அந்தக் கடை திறக்கும் நேரத்துக்கு, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் நிறுத்துங்கள். அருவியையும் கோயிலையும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.