தோட்ட மண்ணும் மின்சார டில்லரும்

வீட்டுப் புழக்கடையிலும் பள்ளிக்கூடக் காய்கறித் தோட்டத்திலும் ஏர் நுழைய இடமிராது. மண்வெட்டியால் கொத்துவதோ முதுகை ஒடிக்கும் வேலை. இத்தகைய சிறு நிலங்களுக்கு ஏற்ற கருவி மின்சார டில்லர். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் முறை புதியதன்று. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் என்பவர் 1912ஆம் ஆண்டிலேயே தம் தந்தையாரின் பண்ணையில் இதனைச் சோதித்தார். கருவி விரைந்து உழைக்கும். ஆனால் மண்ணின் பதம் அறியாது. அதனை அறிய வேண்டியவர் உழவரே.

பதம் பார்க்கும் முறை எளிது. அரைச்சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்குக. உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அதுவே தக்க பதம். கையில் ஒட்டிப் பளபளத்தால் ஈரம் மிகுதி என அறிக. அந்நிலையில் கிளறினால் மண் கட்டிகளாகி உலர்ந்து கல்லைப்போல் இறுகும். உருண்டையே பிடிக்காமற் போனால் வறட்சி மிகுதி. இலேசாக நீர் பாய்ச்சிப் பதம் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். கரிசல் மண் செம்மண்ணைவிட நெடுநாள் ஈரம் தாங்குமாதலால், மழைக்குப் பின் அதற்குக் கூடுதல் பொறுமை தேவை.

கோரையும் அறுகும் உள்ள இடத்தில் அவற்றைக் கிழங்கோடும் வேரோடும் முன்னரே களைதல் அவசியம். இல்லையேல் கத்திகள் அவற்றைத் துண்டித்துத் தோட்டமெங்கும் நட்டுவிடும். கல்லையும் கம்பியையும் பொறுக்கிய பின், முதற்சுற்றில் மேலாகவும் அடுத்த சுற்றில் சற்று ஆழமாகவும் கிளறுக. மாவைப்போல் பொடியாகும்வரை ஓட்டலாகாது. அத்தகைய மண் மழை பெய்ததும் மேலே ஏடு கட்டி, முளையைத் தடுக்கும்.

இனி மின்சாரம் பற்றிய எச்சரிக்கை. நனைந்த நிலத்தில் வெறுங்காலுடன் நின்று கிழிந்த வயரைத் தொடுவோரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டாயம் இருத்தல் வேண்டும். 1,500 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். எனவே 6 ஆம்பியர் பிளக்கில் செருகாமல், 16 ஆம்பியர் பிளக்கில் செருகுக. நீண்ட வயர் மெல்லியதாயிருந்தால் சூடேறும். பிளக் உள்ள பக்கத்திலிருந்து தொடங்கி, வயர் எப்போதும் பின்னால் கிடக்குமாறு விலகிச் செல்லுதல் நன்று. கத்தியில் சிக்கிய வேரை எடுக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுக. கம்பத்திலிருந்து கொக்கியிட்டு மின்சாரம் எடுப்பது உயிருக்கு உலை. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி அது குற்றமும் ஆகும்.

ஆண்டில் சில நாட்களே தேவைப்படும் இக்கருவியை ஒவ்வொரு வீட்டாரும் வாங்க வேண்டுவதில்லை. மகளிர் சுய உதவிக் குழுவோ ஊராரோ பொதுவில் வாங்கி, பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவரின் மேற்பார்வையில் வைக்கலாம். கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் வயரையும் கத்தியையும் பார்த்து ஏட்டில் குறித்தல் வேண்டும். ஈர நிலம் மண்ணின் நலத்துக்கும் ஆகாது. கருவி பிடித்தவர் உயிருக்கும் ஆகாது. ஆகவே மழை விட்ட மறுநாளே கருவி கேட்டு வருவோரிடம், "நிலம் பதப்படட்டும், பிறகு வாருங்கள்" என்று சொல்வதும் அப்பொறுப்பாளரின் கடமையே.